வரம்புப் புல்லுக்காக வாகரைக்குப் போன அப்போதிக்கரி

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் என் மகள் மடியை விட்டு இறங்குகிறாள் இல்லை. அவள் கண்ணயர்ந்த பிறகே பேனாவைத் தொட முடிந்தது. கூட்டத்துக்கு நேரில் வந்து பேசும்படி கேட்டிருந்தீர்கள். பிள்ளையை விட்டு வர இயலாததால் எழுதி அனுப்புகிறேன். காலை பஸ்சில் என் கணவர் கொண்டுவருவார். செயலாளர் றோய் மாஸ்டர் தயவுசெய்து இதை ஒரு வரியும் விடாமல் சபையில் வாசிக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாண்டிப் போகத் தோன்றும் இடங்கள் வரும். அவற்றைக் கொஞ்சம் உரத்தே வாசியுங்கள், மாஸ்டர்.

இரங்கற் கூட்டத்தின் தலைவர், சம்புக்கண் வட்டை வயல்களின் விதானை, உயர்திரு கதிர்காமத்தம்பி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் வயற்சொந்தக்காரப் போடியார்மாரே! வாங்கில்களில் அமர்ந்திருக்கும் இலுப்பைமுனை ஊரவர்களே! வாங்கில் கிடைக்காமல் வேலி ஓரத்தில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சீதேவிப்பிள்ளையின் வணக்கம்.

நம் ஊர் டிஸ்பென்சரியில் அப்போதிக்கரியாக இருந்த சாமுவேல் ஜெயராஜா ஐயா அவர்கள் வாகரையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அதற்காகக் கூடியிருக்கிறோம். மேடையில் அவருடைய உருவப்படம் இருக்கும், அதற்கு மாலை இருக்கும். "ஏழைகளின் தந்தை" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "அறிவுச் சுடர்" என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். எல்லாம் உண்மை! ஒரு சொல்லும் பொய் இல்லை! நான் கேட்பது ஒன்றுதான். அவரை இங்கிருந்து மாற்றச் சொல்லிப் போன மாரியில் மேலிடத்துக்கு மனு எழுதினீர்களே, ஏழைகளின் தந்தை என்று அதில் ஏன் எழுதவில்லை? அறிவுச் சுடர் என்று அதில் ஏன் எழுதவில்லை?

யார் இந்த ஜெயராஜா? வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கறுத்து மெலிந்த மனிதர். முன்கோபி. சுருட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் எல்லோருக்கும் பிந்தி வந்து எல்லோருக்கும் முந்திப் போகிறவர். காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்தோம், சம்பளம் எடுத்தோம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு நம் நடுவில் இருந்திருப்பார். அவரால் அப்படி இருக்க முடியவில்லை. பொழுது படுகிற நேரம் டிஸ்பென்சரி வாசலில் ஒரு விளாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். தாயோடு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை நீட்டுவார். சில பிள்ளைகள் நேரே கை நீட்டி வாங்கும். சில பிள்ளைகள் காற்றைத் துழாவும். துழாவுகிற பிள்ளையின் தாயை அங்கேயே மறித்துக்கொள்வார்.

"புள்ள என்ன குடிக்குது?"

"பால்தான் ஐயா. நல்ல பால்."

"ஆர்ர மாட்டுப் பால்?"

"உசனார்ர மாடு."

"அந்த மாடு என்ன தின்னுது?"

இந்தக் கேள்விக்கு ஊரே சிரித்தது. "மருந்துக்குப் போனா மாடு என்ன தின்ட எண்டு கேக்கிறாருகா! மறுகா மாட்டுக்கு நாக்க நீட்டச் சொல்லுவாரு போல!" என்று கிணற்றடியில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புல்லு அப்போதிக்கரி என்று பெயரும் வைத்தீர்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் இன்று மேடையில் இருக்கிறார். அவருக்கே தெரியும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி ஐயா ஒரு நாள் உசனாரின் மாட்டுக் கொட்டிலுக்கே போனார். ஊர் எல்லையில் குடியிருந்து நமக்குப் பால் ஊற்றுகிறவர் உசனார். எங்கள் பசு கறவாத காலம் அது, பிள்ளைக்குப் பால் எடுக்க நானும் போயிருந்தேன். பசு கட்டுக்கயிற்றில் நின்றது. முன்னால் வைக்கோல் குவியல், பக்கத்தில் புண்ணாக்குத் தொட்டி.

"உசனார், இது பச்சைப் புல்லைக் கண்டு எவ்வளவு காலம்?"

"கனகாலம் ஐயா. வைக்கலும் புண்ணாக்கும் தவிடும் வெக்கிறன். வயித்துக்கு ஒரு கொறையும் இல்ல."

"ஏன் கட்டியே வெச்சிருக்கிறாய்?"

"நானா கட்டின? ஊராக்கள்தான் கட்ட வெச்ச. ஆத்தங்கரையில மேஞ்சு வந்தா பால் மஞ்சளா இரிக்கி ஐயா. போடியார் ஊட்டுப் பொண்டுகள், 'என்ன உசனார், மஞ்சள் கரைச்சா கொண்டு வந்த? பித்தப் பால், புள்ளைக்கு ஆகா' எண்டு போத்தலோட திருப்பி அனுப்புறாங்க. மறுகா வைக்கலப் போட்டன். பால் வேட்டி மாதிரி வெளுத்திற்று. இப்ப எல்லாருக்கும் சந்தோசம்."

"வேட்டிய உடுக்கலாம் உசனார். குடிக்க ஏலாது!"

நாம் செய்த பிழை எங்கே இருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று நாம் பார்ப்போம். வெளுப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். அதைக் கறந்த மாட்டின் வாய்க்குள் என்ன போனது என்று நம்மில் யார் பார்த்தோம்? ஐயா தான் படித்த வைத்தியத்தை எங்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். பச்சைப் புல்லில் ஒரு சத்து இருக்கிறது. விற்றமின் என்பது அதுதான். மாடு அதைத் தின்று பாலின் கொழுப்பிலே இறக்குகிறது. பசும்பாலில் தெரிகிற அந்த இலேசான மஞ்சள், மாடு பச்சை தின்றதற்கு அடையாளம். பிள்ளையின் கண் ஈரமாக இருப்பதற்கும், நெஞ்சுச் சளியும் வயிற்றோட்டமும் வந்தால் பிள்ளை தாங்கிக்கொள்வதற்கும் அந்தச் சத்து வேண்டும். வைக்கோல் வெயிலில் கிடந்து வெளுக்கும்போதே அது போய்விடுகிறது. புண்ணாக்குப் பாலைக் கூட்டும், போன சத்தைக் கொண்டுவராது. வெளுத்த தீனியைத் தின்ற மாடு வெளுத்த பாலைத் தருகிறது. அதை நாம் சுத்தம் என்று சொல்லி, தேடி வாங்கி, பிள்ளைக்குப் பருக்கிவிட்டு, பொழுது பட்டதும் பிள்ளை ஏன் வாசற்படியில் இடறி விழுகிறது என்று பேய்க்குப் பார்க்கிறோம்!

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. சந்தையின் நடுவில் நின்று மஞ்சள் பாலை ஒரு செம்பு நிறைய வாங்கி எல்லோரும் பார்க்கக் குடித்தார். "பித்தம் தலைக்கேறி நான் ஆடினா, இந்தத் தூணோட கட்டிப் போடுங்க!" என்றார். மனம் மாறியவர்கள் பெண்கள்தான். உசனாரின் மனைவி கைறுன்னிஸா முதலில் மாறினார். அவருடைய மகன் முனாப்புக்குக் கண்ணின் வெள்ளையில் மீன் செதிள் போல ஒரு வறட்சி விழத் தொடங்கியிருந்தது. எங்கள் மாட்டுக்கு இனிப் பச்சைதான் வைப்போம் என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம்.

ஆனால் பச்சைக்கு எங்கே போவது? ஆற்றுக்கு இப்பால் நம் எழுவான்கரையில் இருப்பது மணல். ஆற்றங்கரையில் மாடு மேய்ந்த தரவைப் புல்வெளியை யுத்தகாலச் சாப்பாட்டுக்கென்று மரவள்ளி நடக் கொடுத்துவிட்டார்கள். கடைக்குத் தகரப் பால் வருவதில்லை. அதே சத்துக்காக டிஸ்பென்சரிக்கு வந்துகொண்டிருந்த மீனெண்ணெயும் கப்பலோடு நின்றுபோனது. கீரை கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். பால்குடிப் பிள்ளை எவ்வளவு கீரை தின்னும்? ஒரு வாய் தின்று மறு வாய் துப்பும். இப்படி இருக்கையில் மாரி வந்தது. ஆற்றுக்கு அப்பால் படுவான்கரை முழுவதும் பச்சை! வட்டைக்குள்ளே வரம்பெல்லாம் முழங்கால் உயரப் புல்! விதைப்பு முடிந்தால் வட்டைக்கு வேலி அடைப்பதும், அறுவடை வரை மாடும் கத்தியும் உள்ளே போகக் கூடாது என்பதும் நம் வழக்கம். பட்டி மாடுகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைக்குப் பால் தருகிற வீட்டுப் பசு எங்கே போகும்? ஊரைச் சுற்றிப் பச்சை நிற்க, அது கட்டையில் நின்று வெளுத்த வைக்கோலைச் சப்பியது. நம் ஊரில் பிள்ளைகளின் கண் கெடுகிற காலம் எது? மண் பச்சையாக இருக்கிற அதே காலம்! இந்தக் கொடுமையை வேறு எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்?

ஐயா வட்டைக் கூட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நாங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. வரம்புப் புல்லைப் பால்மாட்டுக்கு அறுக்கப் பெண்களுக்கு அனுமதி கொடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

தலைவர் அவர்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

"வரம்புல கத்தி விழுந்தா மழைக்கு வரம்பு நிக்குமா ஐயா?"

"வேரோடயா கேட்டன், விதானையார்? மயிர் வெட்டினாத் தலை கழண்டு போகுமா?"

கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"இண்டைக்குப் புல்லறுக்கப் போறவள் நாளைக்குக் கதிரறுப்பாள். ஆர் காவல் நிக்கிற?"

"காவற்காரனப் பக்கத்துல நிப்பாட்டுங்க. கட்ட அவிழ்த்துப் பாத்திற்று விடுங்க."

"ஐயா, நீங்க மனிசரப் பாருங்க. மாட்ட நாங்க பாத்துக்கொள்றம்."

"மாட்டத்தான் மனிசர் குடிக்கிறாங்க, விதானையார்! அது உங்களுக்கு இன்னும் விளங்கல்லையே!"

கூட்டம் கலைந்தது. வரம்பு காப்பாற்றப்பட்டது.

சில நாட்களில் முனாப்பின் ஒரு கண் மங்கலாகி வெளுத்தது. கைறுன்னிஸா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டிஸ்பென்சரியில் கொடுக்க மருந்து இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஐயா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் மீனெண்ணெய் தீர்ந்திருந்தது. ஐயா அடுத்த நாள் விடிய முன்னரே தோணி ஏறி, தன் கையால் சம்புக்கண் வட்டை வரம்பில் புல் அறுத்தார். படித்த மனிதர், சேர்ட்டுக் கையை மடித்துவிட்டு, உசனாரின் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்தார்! காவற்காரர் பிடித்துக்கொண்டார். வட்டைக்குள் பிடிபட்ட மாட்டைப் பட்டியில் அடைப்பது வழக்கம். மனிதனை அடைப்பது எந்த ஊர் வழக்கம்? "புல்லுக்கு வந்தது எதுவோ அதைத்தான் அடைச்சிருக்கிறம்" என்று ஒருவர் பகிடி விட்டார். வெயில் ஏறும் வரை ஐயாவைப் பட்டிக்குள் நிற்க வைத்தீர்கள். பார்க்க ஆட்கள் திரண்டு வந்தார்கள். சிரித்தீர்களே! இன்று கண்ணைத் துடைக்கிற எத்தனை சால்வைகள் அன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன!

கைறுன்னிஸா அழுதுகொண்டு பட்டி வேலியைப் பிடித்தார்.

"எங்களால தானே ஐயா உங்களுக்கு இந்தக் கோலம்."

"அழாத புள்ள. அத விடு. புல்லுக் கட்டு மாட்டுக்குப் போச்சா?"

"இல்ல ஐயா. வாய்க்கால்ல வீசிற்றாங்க."

அதுவரை பகிடிக்குப் பகிடி பேசிக்கொண்டு நின்ற மனிதர், அதைக் கேட்டு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டியைத் திறந்துவிட்டதும் நேராக டிஸ்பென்சரிக்குப் போய்க் கதவைத் திறந்தார். காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மருந்து கலந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மனு. கடமையை விட்டுவிட்டுப் புல்லறுக்கிறார், வேளாண்மைக்கு இடைஞ்சல் செய்கிறார் என்று எழுதினீர்கள். மேலிடத்துக்கு நம் ஊர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கையொப்பங்களைப் பார்த்தது, வாகரைக்கு மாற்றியது. அவர் பெட்டியோடு பஸ் ஏறிய நாளில் வழியனுப்ப நின்றவர்கள் நாங்கள் கொஞ்சப் பெண்களும் உசனாரும். "மாட்ட மறந்திராதிங்க" என்றார். அங்கே போய் இறங்கியதும், தோணித் துறையில் கண்ட முதல் ஆளிடம், இஞ்ச மாடு என்ன தின்னுது என்று கேட்டாராம். பஸ்காரர் சொன்னார். கேட்டவர்கள் அங்கேயும் சிரித்திருப்பார்கள். காய்ச்சல் கண்டபோது மருந்து கலந்து கொடுக்க அந்தப் பக்கத்தில் இன்னொரு அப்போதிக்கரி இல்லை.

முனாப்புக்கு மற்றக் கண்ணும் போனது. இப்போது உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கூட்டத்துக்கு அவர்கள் வந்திருந்தால் வேலி ஓரத்தில்தான் நிற்பார்கள். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவன் உங்களைப் பார்க்க மாட்டான், பயப்பட வேண்டாம்.

சபையோரே! செத்தவருக்காக நான் அழுது முடித்துவிட்டேன். இனி உயிரோடு இருக்கிற ஒருத்திக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

என் மகள் மனோன்மணி இன்னும் பாலை நம்பி வளர்கிறவள். இந்த வருடம் வெயிலில் தரையெல்லாம் கருகிவிட்டது. எங்கள் பசுவுக்கு வைக்கோலைத் தவிர வேறில்லை. போன கிழமை பொழுது இன்னும் படவில்லை, வானத்தில் வெளிச்சம் நிறைய இருந்தது. பால் கிண்ணத்தை நீட்டினேன். அவள் கை கிண்ணத்துக்கு வராமல் பக்கத்தில் துழாவியது. "அம்மா, இண்டைக்கு என்ன கெதியா இருட்டிற்று?" என்று கேட்டாள். ஓம் மகள், இருட்டிற்று என்றேன். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அவளுடைய கண்ணைப் பார்க்கிறேன். வெள்ளையில் வறட்சி விழுந்ததா என்று பார்க்கிறேன். இன்றைக்கு இல்லை. நாளைக்கு? கண்ணைப் பார்த்துச் சொல்ல இருந்த ஒரே மனிதரையும் அனுப்பிவிட்டீர்கள்.

இரவும் பகலும் என்னை அரிக்கிறது இதுதான். இனி மழை விழும். முதற் பச்சை வரம்பில்தான் எழும்பும். அந்தப் பச்சை வருகிற நேரம் பார்த்து நீங்கள் விதைப்புக் கூட்டம் கூட்டுவீர்கள், வேலியை அடைப்பீர்கள். புல்லுக்கும் என் பிள்ளையின் கண்ணுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வேலி. அதைத் திறக்கிற அதிகாரம் வானத்தில் இல்லை, மேலிடத்தில் இல்லை. மேடையில் தலைவர் அமர்ந்திருக்கும் நடுக் கதிரையில் இருக்கிறது.

உருவப்படத்தை டிஸ்பென்சரிச் சுவரில் மாட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். மாட்டுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயராஜா ஐயா உங்களிடம் படம் கேட்டவரா? மண்டபம் கேட்டவரா? வாழ்நாளில் அவர் இந்த ஊரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்காமல் மாலை போடுவது மரியாதையா?

ஐயா விட்டுப்போன வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இது இந்தச் சபைக்கு முன்னால் நான் தருகிற வாக்கு. பொழுது படும்போது ஊரிலுள்ள பிள்ளைகளைத் தெருத் தெருவாகப் பார்ப்பது என் வேலை. துழாவுகிற பிள்ளை எந்த வீட்டில் என்று அறிந்து, அந்த வீட்டுக்குப் பால் தருகிற மாட்டுக்குப் பச்சை கிடைக்கச் செய்வது எங்கள் வேலை. கைறுன்னிஸாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தன் பிள்ளைக்கு இனி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தும் வருகிறேன் என்கிறார். உங்கள் வேலை அனுமதி கொடுப்பது மட்டும். வேரைத் தொட மாட்டோம். காவற்காரர் முன்னால் நின்றுதான் அறுப்போம். கட்டை அவிழ்த்துப் பாருங்கள், சேலையையும் உதறிக் காட்டுகிறோம், எங்களுக்கு வெட்கம் இல்லை. ஒரு வரம்பு கரைந்தால் நாங்களே மண் அள்ளிப் போடுவோம்.

அனுமதி இல்லை என்றால் அதையும் நேரே சொல்லிவிடுங்கள். பசுவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பச்சை உள்ள ஏதாவது ஓர் ஊருக்கு மழைக்கு முன் நான் போக வேண்டும். ஆறு பெருகிவிட்டால் தோணியில் மாட்டை ஏற்ற முடியாது. யோசிக்கிறோம், பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுடைய கண் அதுவரை காத்திருக்காது.

தலைவர் அவர்களே, பெண்கள் வரம்புப் புல் அறுக்கலாமா, கூடாதா? என் கணவர் கூட்டம் முடியும் வரை அங்கேதான் நிற்பார். அவரிடமே சொல்லிவிடலாம், அல்லது ஒரு வரி எழுதி அனுப்பலாம். எதுவானாலும் தயவுசெய்து கெதியாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை
இலுப்பைமுனை